பொத்தான் யாருடைய விரலுக்கு?

கடைத்தெருவில் விற்கும் பேட்டரி நாய்க்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயிற்றுக்கு அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச். தள்ளிவிட்டால் நாய் குரைக்கும், நாலடி நடக்கும், வாலை ஆட்டும். அந்த சுவிட்சைத் தள்ள ஒரு கை பொம்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையின் விரல்நுனி சுவிட்சைத் தேடிப் போக வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு இது நடக்காத காரியம். நினைத்த இடத்துக்குக் கை போகாது. போனாலும் விரல்கள் பிரிந்து வராது. ஆகவே அம்மா சுவிட்சைத் தள்ளுகிறார். நாய் நடக்கிறது. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே விளையாடியது யார்?

இந்தப் பொம்மையைத் திருத்தப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை, தோழர்களே. தையலைப் பிரித்து, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழியில் அந்த சுவிட்ச் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு ஒயரைப் பற்றவைத்து வெளியே இழுத்து, ஹெட்போன் செருகுகிற மாதிரியான 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒன்றில் முடித்துத் தைத்துவிட்டால் வேலை தீர்ந்தது. இனி அந்த ஜாக்கில் எந்த சுவிட்சையும் செருகலாம். உள்ளங்கையால் தட்ட ஒன்று, முழங்கையால் இடிக்க ஒன்று, கன்னத்தைச் சாய்த்து அழுத்த ஒன்று, காலால் மிதிக்க ஒன்று. பொம்மையைப் பிரிக்கவே பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. இருபுறமும் செப்புத் தகடு ஒட்டிய மெல்லிய அட்டையை பேட்டரிக்கும் அதன் முனைக்கும் நடுவே செருகி, இரண்டு தகட்டிலிருந்தும் ஒயரை வெளியே கொண்டுவந்து, பொம்மையின் சொந்த சுவிட்சை எப்போதும் தள்ளிய நிலையிலேயே விட்டுவிடலாம். வெளி சுவிட்சையும் நாமே செய்யலாம்: இரண்டு அட்டை, இரண்டிலும் அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு. அழுத்தினால் ஓட்டை வழியாகத் தாளும் தாளும் தொட்டுக்கொள்ளும். கையை எடுத்தால் ஸ்பாஞ்சு பிரித்துவிடும். இதற்கான சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். இதையே ஒரு நிறுவனம் செய்து பெட்டியில் போட்டு விற்றால் பொம்மையின் விலை பல மடங்கு ஆகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ஹஸ்கி அடாப்ட் என்ற பெயரில் இந்த வேலையைச் செய்கிறார்கள். பொறியியல் படிக்கிறவர்களும் மறுவாழ்வு சிகிச்சை படிக்கிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பிரித்துத் திருத்தி, குழந்தைகளின் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். எல்லோருக்குமான வடிவமைப்பு என்பதை அங்கே பாடமாகச் சொல்லித்தரும் வழிகளில் இதுவும் ஒன்று. பொம்மையைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம் என்றே நாங்கள் நினைக்கிறோம். சக்கர நாற்காலியைத் தப்பாகச் செய்தால் ஒரு குழந்தைக்கு முதுகு கோணும். பொம்மை கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். முதலாண்டு மாணவர்கூட ஒரே பிற்பகலில் மின்சுற்றையும் பார்த்துவிடுவார், அது இதுவரை யாருடைய விரலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் பார்த்துவிடுவார்.

இதைத் தமிழ்நாட்டில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்பதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985 முதல் இயங்குகிறது. அதற்கு அண்டையிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸ். அங்கே டி.டி.கே. பெயரிலான மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019இல் அங்கிருந்து வெளிவந்தது. பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டால் அதற்காகப் பேசும் ‘ஆவாஸ்’ என்ற கருவியும் சென்னையில் பிறந்ததுதான். அதை உருவாக்கியவர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். வித்யாசாகர் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து உருவாக்கினார். பயன்படுத்தப் போகிற குழந்தை மேசைக்குப் பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்தக் கருவி கருவியாக நின்றது.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 47ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் இவர்களோடு பொறியாளர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்கான படிப்புகளிலும் மாற்றுத்திறன் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. 43ஆம் பிரிவு அன்றாட நுகர்பொருட்களே எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைக்கப்படுவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் மற்ற குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமை மாற்றுத்திறன் குழந்தைக்கு உண்டு என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதியை ரத்து செய்து, கட்டாயமான தரங்களை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. பொறியியல் படிக்கிற தோழர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தில் 47ஆம் பிரிவு எந்தப் பருவத்தில் வந்தது?

அப்படியானால் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, சியாட்டிலில் இருக்கிறது, நம் கல்லூரிக்கும் கொண்டுவந்தால் முடிந்தது என்று தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

2021இல் ஒன்றிய அரசு டாய்கத்தான் என்று ஒரு போட்டி நடத்தியது. பள்ளி, கல்லூரி மாணவர்களும் தொழில்முனைவோரும் புதிய பொம்மைகளை வடிவமைக்க வேண்டும். கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று ‘திவ்யாங்’. அதாவது தெய்வீக அங்கம் கொண்டவர்கள். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் முன்வைத்த சொல் அது. ஊனமுற்றோர் உரிமை அமைப்புகள் பல அப்போதே எதிர்த்தன. இந்தச் சொல்லின் ருசி நமக்குப் பழக்கமானது, இல்லையா? நம் தாத்தாக்களுக்கு ‘ஹரியின் மக்கள்’ என்று பெயர் வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டோம், தெய்வத்தின் பெயரைக் கொடுத்தார்கள். இவர்கள் சாய்தளம் கேட்டால் இவர்களுக்கும் அதே பட்டுவாடா. அண்ணல் அம்பேத்கர் அந்தப் பெயரை ஏன் மறுத்தார் என்று புரிந்துகொண்ட எவருக்கும் இந்தப் பெயர் ஏன் மறுக்கப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பெயர் மட்டும்தானா ஒன்று? அடியில் ஓடும் தத்துவமும் ஒன்று. சேரியில் பிறந்தது போன பிறவியின் வினை. கால் விளங்காமல் பிறந்ததும் போன பிறவியின் வினை. இரண்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகம். வினை என்று சொல்லிவிட்டால் படிக்கட்டைக் கட்டியவனுக்குப் பொறுப்பில்லை, தெருவைப் பிரித்தவனுக்கும் பொறுப்பில்லை. மிஞ்சுவது தானம் ஒன்றுதான். தானம் கொடுக்கிறவன் புண்ணியம் சேர்க்கிறான், வாங்குகிறவன் கையை நீட்டியபடியே நிற்கிறான்.

வடிவமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ கணினித் திரையில் நடக்கிற அழகு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். விலக்கி வைக்கிற வடிவமைப்பில் இந்தச் சமூகம் கைதேர்ந்தது. இரட்டைக் குவளை ஒரு வடிவமைப்பு. ஒரே தேநீர், ஒரே பால், ஒரே சர்க்கரை. பாத்திரம் மட்டும் வேறு. ஊர் ஓர் இடத்திலும் சேரி வேறிடத்திலும் இருப்பதும், தேர் எந்தத் தெரு முனையில் திரும்பும் என்பதும் வடிவமைப்புதான். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற சுவரை ஒருவர் திட்டமிட்டு, அளவெடுத்து, செங்கல் வாங்கித்தான் கட்டியிருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை உடைத்து வழி திறக்க 2008 மே 6 வரை ஆயிற்று. பொருளுக்குள்ளேயே சாதியைப் புதைத்து வைக்கலாம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொம்மையின் சுவிட்ச் தன்னைத் தள்ள முடியாத விரலை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதை நம் மாணவர்கள் மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பாடத்தில் முன்வரிசை நம்முடையது.

இப்போது திருப்புட்குழிக்கு வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இருக்கிறது ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலால் அறியப்பட்டது. புள் என்றால் பறவை. ராவணன் சிறகை வெட்டியதால் விழுந்த ஜடாயுவுக்கு ராமன் இறுதிக் கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். இன்னொரு நம்பிக்கையும் பேர் பெற்றது. குழந்தை இல்லாத பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்க வேண்டும், காலையில் பயறு முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு. வறுத்த பயறு முளைக்குமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் கவலை வேறு. பிள்ளை வேண்டி இவ்வளவு ஏங்குகிற சமூகத்தில், பிறந்த பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை, பார்வை நிலைக்கவில்லை என்று தெரிந்த மறுநாளிலிருந்து அந்தத் தாய் என்ன ஆகிறாள்? வரம் கேட்க வரிசையில் நின்றபோது இருந்த கூட்டம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வரும்போது இருக்கிறதா? சிறகு வெட்டப்பட்ட பறவைக்குக் கோயில் கட்டிய மண்ணில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் விளையாட்டுக்கும் உள்ள கணக்கு இன்னும் பழையது. காஞ்சிப் பட்டின் பேர் போன கோர்வை வேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குத் தனித்தனி நாடா என்று மூன்று ஓடும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல தறிகளில் குழந்தையாக இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. சின்ன விரல் வேண்டும் என்று தறிக்குக் குழந்தையைப் பொருத்தினார்கள். குழந்தைக்கு ஏற்றபடி ஒரு பொருளைப் பொருத்த வேண்டும் என்பது அந்த வரலாற்றை நேர் தலைகீழாகத் திருப்பிப் போடுகிற வேலை.

சரி, யாருக்காக இதைச் செய்யப் போகிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் எடுத்தால் 2.45 விழுக்காடு. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் கர்ப்ப காலத்தில் பாதி வயிற்றோடு வயல் வேலைக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள், நேரத்துக்குக் கிடைக்காத பிரசவ வசதி இருக்கிறது, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம் இருக்கிறது. வினை இல்லை.

ஆகவே பொம்மையைத் திருத்தும் பாடத்தை ஆய்வகத்தில் தொடங்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. அது சேரியில் உள்ள ஒரு வீட்டில், பாயில் படுத்திருக்கும் ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் தொடங்க வேண்டும். ஏன் என்பதற்குத் தத்துவம் வேண்டாம், ஒரு தொழில்நுட்பக் காரணமே போதும். வெளிநாட்டுக் கையேடுகளில் சுவிட்சைச் சக்கர நாற்காலியின் முன்தட்டில் பொருத்தச் சொல்வார்கள். நம் குழந்தையிடம் சக்கர நாற்காலி இல்லை. இருந்தாலும் அது முகாமில் கொடுத்த பெரியவர் அளவு நாற்காலி; வாசற்படி தாண்டாமல் திண்ணையில் துணி காய்கிறது. குழந்தை தரையில் இருக்கிறாள். ஒரே அறை, அதில்தான் சமையல், படுக்கை, அண்ணனின் வீட்டுப்பாடம். சுவிட்ச் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும், யாரும் மிதித்தாலும் உடையக் கூடாது, தண்ணீர் சிந்தினாலும் தாங்க வேண்டும். பொம்மைக்கு மூன்று பேட்டரி என்றால் அது தீர்ந்தபின் யார் வாங்குவது? பொம்மை ஒரு வாரத்தில் மூலைக்குப் போகும். சார்ஜ் ஏற்றும் பேட்டரியை முதலிலேயே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஓடி வருவார்கள். பொம்மையை ஒருத்திக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அவள் அழுத்தினால்தான் நாய் நடக்கும் என்றால் அந்த நாலு பேரும் அவள் முறைக்காகக் காத்திருப்பார்கள். இதுவரை அவள்தான் காத்திருந்தாள். இதில் எதுவும் ஆய்வகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளக் கூடியது இல்லை.

முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன குறை’ என்பது இல்லை. அதைக் கேட்க ஏற்கெனவே ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். அவளுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறாள், எதைக் கண்டால் சிரிக்கிறாள், நாளில் எந்த நேரம் உடம்பு தளர்வாக இருக்கிறது, யார் பக்கத்தில் இருந்தால் பயப்படுவதில்லை என்று கேளுங்கள். அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள், அவளிடமும் கேளுங்கள். பேச்சு வராத குழந்தை பதில் சொல்லாது என்று யார் சொன்னது?

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். ஊர்த் தெருவிலிருந்து வரும் மாணவர் அந்த வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிப்பாரா? குடிக்காதவர் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து எவ்வளவு விரியும் என்று அளவெடுக்க மாட்டார். எட்டி நின்று அளப்பார். எட்டி நின்று அளந்த சுவிட்ச் பொருந்தாது. இந்தப் பாடத்தில் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். எல்லோரையும் உள்ளடக்குவோம் என்று சுவரொட்டி ஒட்டும் கல்லூரிகளின் விடுதிச் சாப்பாட்டு மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, யார் சொல்லித்தருவது? பேராசிரியர்தான் என்று நினைத்தால் பாதி வாத்தியார்களை இழந்துவிடுவோம். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கேயும் அதன் பிறகு வந்த மின்னணு ஆலைகளிலும் நாள் முழுக்க நின்றுகொண்டு சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்களில் நம் அக்காக்கள் எத்தனையோ பேர். நடுங்காத கையும் பழகிய கண்ணும் அவர்களுக்கு உண்டு. மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களில் பலர் சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் (இதைச் சொன்னால் பேராசிரியர்களுக்குக் கோபம் வரும், மாணவர்கள் சிரிப்பார்கள்). அந்த அக்காக்களைக் கூலி கொடுத்து, பயிற்றுநர் என்ற பெயர் கொடுத்து வகுப்பில் நிறுத்துங்கள். தறி வேலை தெரிந்தவர்களையும் கூப்பிடுங்கள். குழித்தறியில் காலை மிதித்து மிதித்து முழங்கால் போனவர்களுக்காக ஜக்கார்டைத் தூக்க மோட்டார் பொருத்திக்கொண்ட தறிகள் இந்த மாவட்டத்தில் ஓடுகின்றன. உடம்புக்கு ஏற்றபடி கருவியை மாற்றுவது எப்படி என்று அவர்கள் காட்டுவார்கள். செருப்புத் தைக்கும் நம் பெரியவர்களுக்குத் தோலும் வாரும் எங்கே அழுத்தும், எங்கே புண்ணாக்கும் என்று தெரியும். ஒரு குழந்தையின் மணிக்கட்டில் சுவிட்சைக் கட்டுவதற்கு அதைவிட வேறென்ன அறிவு வேண்டும்?

பெயர் யாருக்குப் போகும் என்பதிலும் கவனமாக இருங்கள். ஜெய்ப்பூர் கால் என்று உலகம் அறிந்த செயற்கைக் காலை 1960களின் இறுதியில் டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து உருவாக்கியவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். 1981இல் மகசேசே விருது மருத்துவருக்குப் போயிற்று. அவர் தகுதியானவர்தான். ஆனால் கையால் செய்தவரின் பெயர் எத்தனை பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

எல்லாப் பொம்மையையும் திருத்த வேண்டும் என்பதும் இல்லை. நம் வீட்டு விளையாட்டுகளில் சில ஏற்கெனவே எல்லோருக்குமானவை. பல்லாங்குழி பார்வையற்ற குழந்தை விரலால் எண்ணி விளையாடக் கூடியது; குழி கைக்குத் தெரியும், புளியங்கொட்டை கைக்குத் தெரியும். பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகள் குழிந்திருப்பதால் தடவினாலே எண் தெரிந்துவிடும். ஆடுபுலி ஆட்டம் அப்படி இல்லை. தரையில் கரிக்கோடு கண்ணுக்கு மட்டும்தான். அட்டையில் கயிறை ஒட்டிக் கோட்டை மேடாக்கி, ஆட்டுக்கு ஒரு வடிவம் புலிக்கு ஒரு வடிவம் என்று வைத்தால் அதுவும் வந்துவிடும். பறையைக் காது கேளாத குழந்தையின் மடியில் வைத்து அடித்துப் பாருங்கள், அதிர்வு உடம்பில் ஏறும். நடைவண்டி நம்மிடம் தலைமுறைகளாக இருக்கிற கருவி. அடியை அகலமாக்கி, மார்புக்குத் தாங்கல் வைத்தால் சில குழந்தைகளுக்கு உதவும். ஆனால் இதை மட்டும் இயன்முறை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தசை இறுக்கம் உள்ள குழந்தையைத் தப்பான நிலையில் நிற்க வைத்தால் கெடுதல் அதிகம். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையையும் தொடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். ஈயம் கலந்த பற்றாசு குழந்தையின் வாய்க்கு எட்டாத உள்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பொம்மை வழங்கும் விழா நடந்தது. மேடை, பதாகை, சால்வை எல்லாம் உண்டு. வரிசையில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கடையில் வாங்கிய பொம்மைகளைப் பெட்டி பிரிக்காமலே கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தப் பொம்மைகளில் ஒன்றைக்கூட அந்தக் குழந்தைகளில் ஒருவராலும் தானாக இயக்க முடியவில்லை. மறுநாள் நாளிதழில் செய்தி வந்தது. இந்த மாதிரி விழாவுக்கு நம் மாணவர்கள் தன்னார்வலராகப் போய் நாற்காலி போடுவதை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பொம்மையைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

தன்னார்வம் என்ற சொல்லே எங்களுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை நல்ல மனதோடு செய்யும் வேலையாக இது இருக்கும்வரை, நல்ல மனது தீர்ந்த அன்று பொம்மையும் தீரும். பாடமாக வேண்டும், மதிப்பெண் வேண்டும், ஆய்வகச் செலவில் ஒரு வரி வேண்டும். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்க வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் இலவச உழைப்பைக் கேட்பது நியாயமும் இல்லை. ஒவ்வொரு பொறியியல் மாணவரும் கடைசி ஆண்டில் ஒரு திட்டப்பணி செய்தே ஆக வேண்டும். அதே வரிபின்தொடரும் ரோபோவும் அதே தானியங்கிச் செடித்தண்ணீரும் ஆண்டுதோறும் விலைக்கு வாங்கி ஒப்படைக்கப்படுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்த இடத்தில் இதை வைக்கலாம். நெடுஞ்சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிப் பேருந்துகள் இந்த ஊர்களின் வழியாகத்தான் தினமும் போகின்றன. இறங்கி நடந்தால் போதும்.

வரும் பருவத்துக்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். 47ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். திட்டப்பணிப் பட்டியலில் பொம்மை திருத்தலைச் சேர்க்கக் கேளுங்கள். ஒன்றிய வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் போய்ப் பாருங்கள்; வீட்டில் இருந்தபடியே படிக்கும் குழந்தைகளை அவருக்குத் தெரியும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அவர் யார் பெயரையும் தரக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. படம் எடுக்கவே கூடாது என்பதை மனுவிலேயே ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

மதிப்பெண்ணை மூன்றாவது முறை வீட்டுக்குப் போகும்போது போடச் சொல்லுங்கள். முதல் முறை கேட்க, இரண்டாம் முறை கொடுக்க, மூன்றாம் முறை இரண்டு மாதம் கழித்து. அன்று பொம்மை அலமாரி மேல் பெட்டியோடு புதிதாக இருந்தால் பூஜ்யம். காது பிய்ந்து, ஒயர் இழுபட்டு, பொத்தானில் சோற்றுக் கறையோடு கிடந்தால், அது எங்கே முதலில் உடைந்தது என்று அந்தக் குழந்தையிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.